நிகர்களின் சம்மதம்

என்னுடைய அபிப்பிராயத்தை என்னைக் கேட்காமலே தெரிந்துகொண்டுவிட்டதாக அரசாங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அது சரியா என்று பார்க்க நான்கு நாள் வந்து உட்கார வேண்டுமாம். மதியச் சாப்பாடும் பஸ் வசதியும் உண்டு என்று அடியில் போட்டிருந்தார்கள்.

நான் அமலோற்பவம். தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு முப்பத்தோரு வருடமாக மனு எழுதுகிறவள். எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் அதில் எந்த வரி நிஜம், எந்த வரி ஒப்புக்கு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். இதில் நிஜமான வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'வரத் தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

விஷயம் இதுதான். கடலோர நாடுகளின் விளையாட்டு விழாவைச் சென்னையில் நடத்தலாமா, வேண்டாமா? நடத்துவதென்றால் படகுப் போட்டிக்கு எங்கள் செங்கால்பாக்கம் ஏரி வேண்டும். வீரர்கள் தங்குவதற்கு ஏரிக்கரை வேண்டும். அந்த ஏரிக்கரையில்தான் எங்கள் பதினான்கு பிளாக் குடியிருப்பு இருக்கிறது. கூவம் கரையில் குடிசை போட்டிருந்த எங்களை இருபத்திரண்டு வருடம் முன்னால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது இங்கேதான். அன்றைக்கு இது ஊருக்கு வெளியே இருந்தது. இப்போது ஊர் வளர்ந்து எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அதனால் நாங்கள் மறுபடியும் வழியில் உட்கார்ந்திருக்கிறோம், மறுபடியும் எழுந்திருக்க வேண்டும்.

சென்றேன். குளிரூட்டிய மண்டபம். வட்டமாக இருபத்து நான்கு நாற்காலிகள், என்னுடையது கடைசி எண். குடிமக்கள் கருத்தறி வாரியத்தின் இயக்குநர் ராஜகணபதி எழுந்து, சோழர் காலத்துக் குடவோலையில் ஆரம்பித்தார். அதிகாரிகள் குடவோலையில் ஆரம்பித்தால் நமக்கு எதுவோ பறிபோகிறது என்று அர்த்தம். நான் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"இந்த நகரத்துல ஒரு கோடியே இருபது லட்சம் பேர் இருக்காங்க" என்றார். "எல்லாரையும் உட்கார வெச்சு, ரெண்டு பக்க நியாயத்தையும் சொல்லி, ஒருத்தருக்கொருத்தர் பேச விட்டு, அப்புறம் முடிவு கேட்கணும். அதுதான் உண்மையான மக்கள் கருத்து. சும்மா தெருவுல மைக்கை நீட்டி வேணுமா வேணாமான்னு கேக்குறது இல்ல. ஆனா அப்படிக் கேட்டு முடிக்கப் பத்து வருஷம் ஆகும். அதனால உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிகர் செஞ்சோம். உங்களை மாதிரியே யோசிக்கிற, உங்களை மாதிரியே வாதாடுற ஒரு கணினி மனுஷன். ஒரு கோடியே இருபது லட்சம் நிகரும் உட்கார்ந்து பேசினாங்க. மூணு மணி நேரத்துல முடிஞ்சுது. நூத்துக்கு எழுபத்தோரு பேர் சம்மதம்னு சொல்லியிருக்காங்க."

என் பக்கத்து நாற்காலியில் ஆதிகேசவன் என்றொருவர். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அவர் கையைத் தூக்கினார்.

"சார், மூணு மணி நேரம் பேசினாங்களே, எங்க நிகருக்கு டீ குடுத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ராஜகணபதியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"அப்ப நாங்க எதுக்கு?" என்று கேட்டேன்.

"சட்டம்மா. நிகர் அவை சொன்னதைச் சரிபார்க்கணும். குலுக்கல்ல வந்தவங்க நீங்க. நிகர்கள் கேட்ட அதே வாதங்களை நீங்களும் கேப்பீங்க, பேசுவீங்க. நாலாம் நாள் ஒவ்வொருத்தரும் உங்க முடிவைச் சொல்லணும். இருபது பேர் முடிவாவது அவங்கவங்க நிகரோட முடிவோட பொருந்துச்சுன்னா, நிகர் அவையோட முடிவுதான் நகரத்தோட முடிவு. பொருந்தலைன்னா அது செல்லாது. வார்டு வார்டா ஆளுங்களைக் கூப்பிட்டு நேர்ல உட்கார வெச்சுத்தான் கேட்கணும். அதுக்குள்ள விழாவை வேற நாடு வாங்கிட்டுப் போயிடும்."

எங்கள் நிகர் என்ன முடிவு சொல்லியிருக்கிறது என்பதை எங்களுக்குச் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் நாங்கள் அதையே பார்த்துச் சொல்லிவிடுவோமாம்.

முதல் நாள் வல்லுநர்கள் வந்து பேசினார்கள். மைதானம் வரும், ரயில் வரும், வேலை வரும் என்று ஒருவர். முன்பு இப்படி நடத்திய நகரங்களில் மைதானம் புல் முளைத்துக் கிடக்கிறது, ஏரி போனது போனதுதான் என்று இன்னொருவர். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் பேசினார்கள். நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. எங்கள் பிளாக் பசங்கள் குத்துச்சண்டையும் கேரமும் ஆடி வளர்ந்தவர்கள். எட்டாவது பிளாக் செல்வராணி மாநில அணியில் கால்பந்து ஆடுகிறாள். விளையாட வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எங்கள் வீட்டின் மேல் நின்று விளையாட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இரண்டாம் நாள் நிகர்களின் வாதங்களைத் திரையில் போட்டார்கள். பெயர் இல்லாமல், ஒவ்வொன்றாக. படித்துவிட்டு நாங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும். முதல் இரண்டு மூன்றில் ஒன்றும் இல்லை. நான்காவதாக வந்ததை இரண்டு முறை படித்தேன்.

'அரசின் வளர்ச்சித் திட்டங்களை மனமார வரவேற்று, அவற்றின் வெற்றிக்கு என்றென்றும் துணை நிற்கும் எளிய குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். என் சிறு இன்னல்களைப் பொருட்படுத்தாது பொது நலனே பெரிதெனக் கருதுகிறேன். ஆகவே விழாவுக்குச் சம்மதம்.'

கீழே சிறு எழுத்தில்: இட்லி வியாபாரம் செய்யும் கைம்பெண், ஏரிக்கரைக் குடியிருப்பு.

இட்லி வியாபாரம் செய்கிறவள் எங்கள் கீழ் வீட்டுக் குணவதி. அவள் தன் வாழ்நாளில் அரசாங்கத்தை வரவேற்றதே கிடையாது. புருஷன் செத்து விதவை உதவித்தொகைக்கு என்னிடம் மனு எழுத வந்தபோது, உட்கார்ந்து ஒரு மணி நேரம் திட்டினாள். தாசில்தாரிலிருந்து ஆரம்பித்து மேலே ஒருத்தரையும் விடவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே, 'அரசின் வளர்ச்சித் திட்டங்களை மனமார வரவேற்று' என்று எழுதினேன். அந்த வரி குணவதியுடையது இல்லை. என்னுடையது.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் மேசை போட்ட புதிதில், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஒரு மனு எழுதினேன். மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை ஆத்திரத்தில், கேலியாக, அரசைப் புகழ்ந்து இரண்டு வரி முதலில் சேர்த்தேன். ஒரே வாரத்தில் ஆள் வந்து சாக்கடையைத் தோண்டினான். அன்று முதல் எந்த மனுவாக இருந்தாலும் அந்த இரண்டு வரி இல்லாமல் நான் ஆரம்பித்ததில்லை. ரேஷன் கடை தூரம் என்றாலும், பட்டா வரவில்லை என்றாலும், மகனைக் காணவில்லை என்றாலும், முதலில் வரவேற்பு, அப்புறம் கண்ணீர். அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள். பிறகு இ-சேவை மையங்கள் வந்தபோது, அவர்கள் என் மாதிரி மனுவை அப்படியே கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். சென்னை முழுக்க என் கை ஓடுகிறது என்று சொல்லித் திரிந்தேன்.

மதியம் சாப்பிடும்போது, நிகர்களைப் பராமரிக்கும் பொறியாளர் நஸ்ரின் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். மேடம் என்று கூப்பிட்டாள், வேண்டாம் என்றேன். அக்கா என்றாள்.

"ஏம்மா, இந்த நிகரை எதை வெச்சுச் செய்றீங்க? போன்ல பேசுறதையா?"

"ஐயோ, இல்லக்கா. போன், பேங்க், ஆஸ்பத்திரி எதையும் தொடவே கூடாதுன்னு சட்டம். ரொம்பக் கறாரு. நீங்களே உங்க பேர்ல கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்குக் குடுத்தது மட்டும்தான். மனு, விண்ணப்பம், புகார், இப்படி. ஒருத்தர் தானா எழுதிக் குடுத்ததை விட அவர் மனசுக்கு வேற என்ன சாட்சி இருக்கு?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"ஒண்ணு பாத்துச் சொல்றியா? 'அரசின் வளர்ச்சித் திட்டங்களை மனமார வரவேற்று'. இது எத்தினி நிகர்ல இருக்கு?"

கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டினாள். பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"நாப்பத்தோரு லட்சம். அக்கா, இது ரொம்ப ஆழமான நம்பிக்கைன்னு வகைப்படுத்தியிருக்கு. ஒரே ஆள் பத்து மனுவுல பத்துத் தடவையும் சொல்றாங்கல்ல, அதான். ஏழைங்க இவ்வளவு விசுவாசமா இருக்காங்களான்னு நாங்களே ஆச்சரியப்பட்டோம்."

"விசுவாசமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல" என்றேன். "அது நான் எழுதின வரி."

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்து நாற்பத்தோரு லட்சம் பேர் வாயில் என் வார்த்தையைத் திணித்திருக்கிறேன். அவர்கள் திட்டியது காற்றோடு போயிற்று. நான் கும்பிட்டது கோப்பில் நின்றுவிட்டது. இப்போது அந்தக் கும்பிடே அவர்கள் வீட்டை இடிக்க வருகிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, குடவோலைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கடை மனு, குணவதி, இ-சேவை மையம், எதையும் விடவில்லை. "இந்த நிகருங்க மனுஷங்க மாதிரி யோசிக்கல. என் மேசை மாதிரி யோசிக்குதுங்க. நீங்க ஊரைக் கேக்கல சார், என்னைக் கேட்டிருக்கீங்க. அதுவும் நான் வயித்துப் பொழைப்புக்கு எழுதினதை. இனிமே ஒப்புக்கு ஒரு வரி எழுத மாட்டேன்."

மண்டபம் சலசலத்தது. சலூன் வைத்திருக்கும் ஒருவர், "என் கடை லைசென்ஸ் மனுவுலயும் அந்த வரி இருந்துச்சும்மா. நான் படிச்சுக்கூடப் பாக்கல" என்றார். இன்னும் ஐந்தாறு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ராஜகணபதி கோபப்படவில்லை. கோபப்படாத அதிகாரியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"அம்மா, நீங்க சொல்றதோட விளைவு என்னன்னு யோசிச்சீங்களா? மனுவுல எழுதினது உண்மை இல்லைன்னா, அது பொய்யான வாக்குமூலம். பொய்யான மனுவை வெச்சு வாங்கின வீடு, உதவித்தொகை, லைசென்ஸ் எல்லாத்தையும் மறுபடி பரிசீலனை பண்ண வேண்டி வரும். எழுதிக் குடுத்த உங்க மேலயும் நடவடிக்கை வரும்."

"வாழ்த்துதான் சார் பொய். சாக்கடை நிஜம்."

"மனசுல என்ன இருந்துச்சுன்னு அரசாங்கம் எட்டிப் பார்க்க முடியாதும்மா. ஒருத்தர் தன் பேர்ல பதிவு பண்ணினதுதான் அவர் கருத்து. அப்புறம் வந்து நான் சும்மா சொன்னேன்னு சொன்னா அதைச் சட்டம் ஏத்துக்காது. இதை எல்லாரும் நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க."

எல்லாரும் என்று சொன்னபோது அவர் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சலூன்காரர் குனிந்துகொண்டார். சற்றுமுன் ஆமாம் போட்டவர்கள் தண்ணீர் குடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடை லைசென்ஸ் போனால் அந்த மனிதர் என்ன செய்வார்? ஆதிகேசவன் மட்டும் சத்தமாக, "பயமுறுத்துறதையும் பதிவுல ஏத்துவீங்களா சார்?" என்றார்.

மாலை பஸ்ஸுக்கு நின்றபோது நஸ்ரின் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் ராத்திரி தூங்கவே இல்ல. இதை நாங்க கவனிச்சிருக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு ஆறுதலா இருக்கும். உங்க நிகர்ல அந்த வரி இல்ல. உங்க பேர்ல நீங்க ஒரு மனுகூடப் போடல, தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மனு எழுதுகிறவளுக்குத்தான் தெரியும், மனு எங்கே போய்ப் படுக்கும் என்று.

"அப்ப என் நிகரை எதை வெச்சுச் செஞ்சீங்க?"

"ஒரே ஒரு பதிவுதான். கூவம் கரையில குடிசைங்களை எடுத்தப்போ கணக்கெடுக்க வந்தாங்கல்ல, அந்தப் படிவத்துல கடைசியில கருத்துன்னு ஒரு கட்டம். எல்லாரும் அதைக் காலியா விட்டுட்டாங்க. நீங்க எழுதியிருக்கீங்க. 'எனக்குச் சம்மதம் இல்லை. கேட்டதற்கு நன்றி.' அவ்வளவுதான். அதை வெச்சு வளர்ந்த நிகர்க்கா அது. மூணு மணி நேரமும் மத்த நிகருங்களோட சண்டை போட்டுச்சு. கடைசி வரைக்கும் சம்மதம் இல்லைன்னே நின்னுச்சு."

நான் அதை எழுதியதே மறந்துபோயிருந்தது. அன்று லாரி சத்தத்தில், பாத்திரம் பண்டங்களுக்கு நடுவே, யாரிடமோ பேனா வாங்கி எழுதியிருக்கிறேன். முப்பதாயிரம் மனு எழுதிய கையால் எனக்கென்று எழுதியது அது ஒன்றுதான். அதை எங்கோ ஒரு கணினி பத்திரமாக வைத்து, அதை நானென்று நம்பி, எனக்காகச் சண்டையும் போட்டிருக்கிறது. அழுகை வந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி அழுதேன்.

நான்காம் நாள் முடிவு சொல்லும் நாள். சட்டத்தில் வெளிப்படைத்தன்மை என்று இருப்பதால் பத்திரிகைக்காரர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய பலகை. ஒவ்வொருவரும் எழுந்து சம்மதம் அல்லது சம்மதம் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் பலகை அவர் நிகரோடு ஒப்பிட்டு, பொருந்தியது அல்லது பொருந்தவில்லை என்று காட்டும்.

ஒன்றாம் நாற்காலி பொருந்தியது. இரண்டு பொருந்தியது. மூன்று பொருந்தவில்லை, என் மனம் துள்ளியது. காலையில் தேநீர்க் கடையில் ஏழு பேர் என்னிடம் வந்து, நாங்கள் மனசில் உள்ளதைச் சொல்லப்போகிறோம் என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பேர் பொருந்தாவிட்டால் போதும்.

சலூன்காரர் எழுந்தார். என்னைப் பார்க்காமல், "சம்மதம்" என்றார். பொருந்தியது. அடுத்து ஒரு டீச்சர், அவருக்குப் பின் இன்னொருவர், அவர்களும் அப்படியே. ஏழு பேர் நான்காகிவிட்டார்கள். இருபத்து மூன்றாம் நாற்காலி ஆதிகேசவன். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சம்மதம் இல்ல, சில்லறையும் இல்ல, எறங்கிக்கோ" என்றார். பொருந்தவில்லை.

பலகையைப் பார்த்தேன். பொருந்தியது பத்தொன்பது. பொருந்தாதது நான்கு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் நிகர் சம்மதம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. நானும் அதையே சொன்னால் பொருந்திவிடும். இருபது ஆகிவிடும். என்னுடைய 'இல்லை' அந்த இயந்திரத்துக்குச் சாட்சி சொல்லிவிடும். பார்த்தீர்களா, இந்தப் பிடிவாதக்காரியைக்கூடச் சரியாகக் கணித்துவிட்டது என்று ராஜகணபதி பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார். நாற்பத்தோரு லட்சம் பேரின் பொய்ச் சம்மதம் நகரத்தின் முடிவாகிவிடும். நான் நிஜத்தைச் சொன்னால் அது ஜெயிக்கும். பொய் சொன்னால்தான் தோற்கும்.

நேற்றுதான் எல்லோர் முன்னாலும் இனி ஒப்புக்கு ஒரு வரி எழுத மாட்டேன் என்றேன். அதைக்கூட விடுங்கள். என் பேரில் இந்த அரசாங்கத்திடம் இருப்பது ஒரே ஒரு நிஜமான வரி. இருபத்திரண்டு வருடமாக அது அழியாமல் இருக்கிறது. இப்போது நான் சம்மதம் என்று சொன்னால், நாளைக்குச் செய்யும் நிகர் வேறு ஒருத்தியாக இருக்கும். லாரிப் பக்கத்தில் நின்று எழுதியவளை நானே அழித்ததாக ஆகும்.

"இருபத்து நாலு. அமலோற்பவம்" என்று கூப்பிட்டார்கள்.

எழுந்தேன்.

"சம்மதம்."

பின்வரிசையில் சலசலப்பு. ராஜகணபதியின் முகம் மலர்ந்தது. பாவம், அவர் என்னைத்தான் பார்த்தார், பலகையைப் பார்க்கவில்லை. கை தட்டவே ஆரம்பித்துவிட்டார். இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் மண்டபத்தில் வேறு யாரும் தட்டவில்லை என்று தெரிந்து திரும்பினார். பொருந்தவில்லை, ஐந்து.

ஆதிகேசவன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். முப்பது வருடம் பஸ்ஸை நிறுத்திய விசில், மண்டபமே அதிர்ந்தது.

ராஜகணபதி என் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, இது நியாயமே இல்ல. நீங்க மனசார இதைச் சொல்லல. உங்களுக்கு இந்த விழா வேணாம்னு மூணு நாளா இந்த மண்டபத்துக்கே தெரியும்."

"மனசுல என்ன இருக்குன்னு அரசாங்கம் எட்டிப் பாக்க முடியாது சார்" என்றேன். "பதிவுல இருக்கிறதுதான் கருத்துன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. நல்லா ஞாபகம் வெச்சுக்கச் சொன்னீங்க. வெச்சுக்கினேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நிகர் அவையின் முடிவு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமே தாலுகா அலுவலக வாசலில் என் மேசைக்கு இருந்த அனுமதியை ரத்து செய்தார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது எங்கள் பிளாக்கில் நடந்தது. விழாவுக்குச் சம்மதம் சொன்னவர்கள் பட்டியல் பத்திரிகையில் வந்திருந்தது, அதில் என் பேரும் இருந்தது. மாடிப்படியில் இறங்கினால் பேச்சு நின்றது. குணவதி எனக்கு இட்லி கொடுப்பதை நிறுத்தினாள்.

அவள் இட்லி நிறுத்திய நான்காவது நாள் நானே அவள் கதவைத் தட்டினேன்.

"நீயாக்கா வேணும்னு சொன்ன?"

"ஆமா."

"எதுக்கு?"

"இல்லன்னு சொல்லியிருந்தா உன்னைக் கேட்டிருக்க மாட்டாங்க."

முழுதாகச் சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "நான் வரவேற்றேன்னு எழுதுனியா? நானா?" என்று அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். மன்னிச்சுக்கோ என்றேன். யோசித்துவிட்டு நான்கு இட்லி எடுத்து வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் வார்டுக்கு நேர்க்கூட்டம் வந்தது. ரேஷன் கடை முன்னால் பந்தல் போட்டு, நூற்றியிருபது நாற்காலி போட்டிருந்தார்கள். காலை பத்து மணி. குலுக்கலில் வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். ஏற்கெனவே முடிவு பதிவு செய்தவர்கள் மறுபடியும் பேசக்கூடாது என்பது விதி. எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பை நான் பொய்க்குச் செலவழித்துவிட்டேன். அது குத்தத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் செல்வராணி எழுந்து, "எனக்கு விழா வேணும்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இதுவரைக்கும் புல்லுத் தரையில ஆடினதே இல்ல. கல்லுல ஆடி ரெண்டு முட்டியும் போச்சு. விழா வேணும், வீடும் வேணும். ஏன், ரெண்டும் சேத்துக் கேக்கக்கூடாதா?" நான்கூட இதை யோசித்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு நான் மனு எழுதியிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவளை மறுத்து இரண்டு பேர், ஆதரித்து மூன்று பேர் என்று பந்தல் சூடுபிடித்தது. விவாதம் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

பிறகு குணவதி எழுந்தாள். மைக்கை வாங்க மறுத்துவிட்டாள், அவளுக்கு அது தேவையும் இல்லை.

"ஒரு தபா லாரில ஏத்திக்கினு வந்து குப்பை மாரி கொட்னீங்க. என் புருசன் அந்த ஏக்கத்துலயே பூட்டான். இப்ப படகு வுடணும்னு வர்றீங்க. படகு வுடு, நான் வேணாங்கல. என் வூட்ட ஒரு செங்கல் தொட்ட, கரண்டியாலயே போடுவேன். யாரா இருந்தாலும் போடுவேன். அவ்ளோதான். நான் போமாட்டேன்."

பந்தலில் பெரிய கைதட்டல். பந்தல் ஓரத்தில் பதிவு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார். தாலுகா அலுவலகத்திலிருந்து வந்தவர், என் மனுக்களை வருடக்கணக்கில் கையாண்டவர். எழுதும் அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அமலாம்மா, நல்ல நேரத்துல நிக்கிறீங்க. இந்தம்மா சொன்னதை இப்படியே மேல அனுப்பினா என் வேலை போயிடும். நீங்கதான் பேசக்கூடாது, எழுதலாமே. கொஞ்சம் மரியாதையா, நம்ம பழைய மாதிரி ரெண்டு வரி போட்டுக் குடுங்களேன்."

பேனாவை நீட்டினார். கை தானாகவே நீண்டது, முப்பத்தோரு வருடப் பழக்கம். பேனாவை வாங்கினேன், அதை மூடி அவர் சட்டைப் பையிலேயே சொருகினேன்.

"அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க" என்றேன். "கரண்டியையும் சேத்து."